தகட்டில் இரண்டாயிரத்து நானூறு

டீ வரக் கொஞ்சம் நேரமாகும், சார்ஜென்ட். உட்காருங்கள். பாய்லரில் இருபது லிட்டர் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். பக்கத்துப் பண்ணையில் டரில் ஹைன்ரிக் இன்று ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கிறான். அவன் ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்கு மின்சாரக் கத்தரியைக் கீழே வைத்தால்தான் இந்தப் பாய்லருக்கு உயிர் வரும். அதோ, அடியில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது பாருங்கள். எல்லோரும் அதைப் பார்த்து, ஆகா, வேலை செய்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்வார்கள். அது எரிகிறவரை போதுமான சூடு வந்து சேரவில்லை என்று அர்த்தம். சேர்ந்ததும் அணைந்துவிடும். என் கணவர் லின்டன் ட்ரெகென்சா நாற்பது ஆண்டுகள் மின்சாதனக் கடை நடத்தியவர். அவருக்கே இது தெரியாது. இதைச் சொல்லத்தான் உங்களை அடிலெய்டிலிருந்து வரவழைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றது கூடவே வந்துவிடும்.

டல்காராவுக்கு மின்சாரம் ஒற்றைக் கம்பியில் வருகிறது. போகிற மின்சாரம் கம்பியில் போய், மண் வழியாகத் திரும்பிவிடுமாம். எங்களுக்காக இரண்டாவது கம்பி ஒன்றை வீணாக்க அரசாங்கத்துக்கு மனம் வரவில்லை. வழியில் பன்னிரண்டு பண்ணைகள். கடைசியில் நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊர் மன்றம். பந்தியில் கடைசி இலைக்காரனுக்கு என்ன மிஞ்சுமோ அதுதான் எங்களுக்கு. மேலே ஒருவன் பம்ப் போட்டால் இங்கே விளக்கு மங்கும். இரண்டு பேர் போட்டால் ரொட்டி வாட்டும் பெட்டி ரொட்டியைத் தடவிக்கொடுத்து அனுப்பிவிடும்.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மன்றத்தில் விருந்து என்றால் முதல் நாள் சாயங்காலம் நான் பன்னிரண்டு வீட்டுக்கும் போன் செய்வேன். "நாளைக்கு அடுப்பு." அவ்வளவுதான் சொல்வேன். மறுநாள் சாப்பாடு முடியும்வரை அந்தக் கம்பியில் ஒருவரும் பம்ப் போட மாட்டார்கள், வெல்டிங் வைக்க மாட்டார்கள். டரிலின் அப்பா காலத்தில் ஒருமுறை கத்தரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அன்று முழுக்கப் பாதி கோட்டு போட்ட ஆடுகள் ஊரைச் சுற்றி வந்தன. இவ்வளவும் இந்தப் பாய்லருக்கும், பை என்கிற இறைச்சிப் பண்டத்தைச் சூடாக்கும் பெட்டிக்கும்தான். சமையலுக்கு எனக்கு யார் தயவும் தேவைப்பட்டதில்லை. இப்போது அந்தப் பளபளக்கும் மேடை இருக்கிற இடத்தில் ஒரு விறகு அடுப்பு இருந்தது. பாலேட்டு நிறம். முப்பத்தோரு ஆண்டுகள் இந்த ஊரின் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அதில்தான் சமைத்தேன். உள்ளே கையை நீட்டினால் போதும், எப்போது கோழியை வைக்கலாம் என்று முழங்கை சொல்லும்.

அந்த அடுப்பில் ஒரே ஒரு குறைதான். அதில் தகடு கிடையாது.

லின்டனைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டும். சிலர் வேதாகமம் வாசிப்பார்கள், அவர் தகடு வாசிப்பார். எந்தச் சாமானைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்ப்பார். அடியில் வெள்ளித் தகட்டில் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறதோ அதைச் சபைக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வார். கடையில் இருந்த மைக்ரோவேவ் பெட்டியில் முன்னால் ஆயிரத்து நூறு என்றும் பின்னால் ஆயிரத்து எழுநூறு என்றும் போட்டிருந்தது. உள்ளே இருக்கும் சோற்றுக்குப் போவது முன்னால் இருப்பது, கரண்ட் பில்லுக்குப் போவது பின்னால் இருப்பது. மிச்சம் அறுநூறு எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"முன்னால இருக்கறது பொம்பளைங்களுக்கு, பின்னால இருக்கறது ஆம்பளைங்களுக்கு. நீ போய் டீ போடு, கண்ணு" என்றார்.

கடையில் இருந்த ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் போய் டீ போட்டேன். கோபமெல்லாம் இல்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இருப்பவர்களில் யாரையாவது.

கடையை மூடியபிறகு அவர் மன்றத்தின் தலைவர் ஆனார். கவுன்சிலிடமிருந்து நிதி வாங்கினார். மின்சமையலறை வரப்போகிறது என்று அறிவித்தார். இரண்டு கூட்டங்கள் நடந்தன என்று சொல்ல எனக்கு ஆசைதான். நடந்தது ஒன்றுதான், அதுவும் கிரிக்கெட் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டியிருந்தது. நான் செயலாளர். மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இந்தக் காலத்துல விறகு அடுப்பா? இதுல எத்தனை வாட்னு யாராவது சொல்ல முடியுமா?" என்றார் லின்டன்.

"அதுல வாட் இல்ல, லின்டன். ரொட்டிதான் இருக்கு" என்றான் டரில்.

"சிரிங்கப்பா, சிரிங்க. நான் கொண்டுவரப் போறது நாலு கரண்ட் வாணலி. ஒவ்வொண்ணும் ரெண்டாயிரத்து நானூறு வாட். கோழியோட எடை தெரியும், வாட் தெரியும். பெருக்கி வகுத்தா நிமிஷம் வந்துரும். மணி அடிக்கும், கோழி வெந்திருக்கும். கைய விட்டுப் பாக்கறது, மோந்து பாக்கறது, எல்லாம் பழங்கதை."

கோரல் பிம் எழுந்தாள். என் பள்ளித் தோழி. எனக்கு மணப்பெண் தோழியாக நின்றவள். "வால்டாவுக்கும் வயசாகுதில்ல. வெறகு தூக்கி மூச்சு வாங்குது அவளுக்கு. அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாள். கையை முதலில் தூக்கியதும் அவள்தான்.

ஆதரவாக ஏழு கைகள், லின்டனுடையதைச் சேர்த்து. எதிராக ஐந்து. கைகளை எண்ணுவது செயலாளரின் வேலை. எண்ணினேன். எது யாருடைய கை என்பது நினைவில் தங்கிவிட்டது. ஞாபகசக்தி ஒரு குற்றமில்லையே.

அதோடு விட்டிருக்கலாம். லின்டன் இன்னொரு தீர்மானமும் கொண்டுவந்தார். "இனிமே அந்த போன் வேலையும் வேணாம். 'நாளைக்கு அடுப்பு, நாளைக்கு அடுப்பு'ன்னு பன்னிரண்டு வீட்டுக்குக் கெஞ்சறது நம்ம மன்றத்துக்குக் கேவலம். ரெண்டாயிரத்து நானூறுன்னா ரெண்டாயிரத்து நானூறுதான். டரில் பம்ப் போட்டா என்ன, போடாட்டா என்ன?"

"நான் பம்ப் போட்டா உங்க பழைய டிவில செய்தி வாசிக்கறவரே ஒல்லியாயிடறார், லின்டன்" என்றான் டரில்.

"தகட்டப் படிப்பா, தகட்ட."

அதே ஏழு கைகள்.

இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, சார்ஜென்ட். தகட்டில் இரண்டாயிரத்து நானூறு வாட் என்று மட்டும் போட்டிருக்காது. அதன் பக்கத்தில் இருநூற்று நாற்பது வோல்ட் என்றும் போட்டிருக்கும். அதாவது, இவ்வளவு வந்தால் அவ்வளவு தருவேன் என்கிறது. வோல்டேஜ் குறைந்தால் சூடும் அதே அளவு குறையும் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. வோல்டேஜில் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அந்தக் கம்பிச்சுருளின் குணம் அப்படி. ஆனால் வெளியே அது ஒன்றும் காட்டிக்கொள்ளாது. விளக்கு எரியும், உர்ரென்று சத்தம் வரும், தொட்டால் சுடும். தகடும் இருந்த இடத்திலேயே இருக்கும். நம் தலைவர்களைப் போலத்தான். நான் இதை லின்டனிடம் ஒரு காலைச் சாப்பாட்டின்போது சொன்னேன். அவர் முட்டையிலிருந்து தலையைத் தூக்காமல், "யாரு சொன்னது, டரிலா?" என்றார்.

என் அடுப்பைக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கோரல் அதை எடுத்துவந்து தன் வீட்டு வாசலில் வைத்து, உள்ளே மண் நிரப்பி ஜெரேனியம் நட்டாள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேலிக்கு அந்தப் புறமிருந்து கூப்பிடுவாள். "பாரு வால்டா, ஒன்னோட அடுப்பு எவ்ளோ சந்தோஷமா இருக்கு." அவள் கெட்டவள் இல்லை. யோசிக்காதவள். நல்ல பூ, சிவப்பு.

திறப்பு விழாவுக்கு அறுவடை நன்றி விருந்தையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. என்ன சமைப்பது என்று லின்டன் கேட்டார். ஆப்ரிகாட் கோழி என்று சொன்னது நான்தான். எல்லோருக்கும் பிடிக்கும். ஆப்ரிகாட் பழச் சாறு, வெங்காயச் சூப்புப் பொடி, கெட்டியான ஆரஞ்சு நிறக் குழம்பு. அந்தக் குழம்புக்குக் கீழே கோழி என்ன நிறத்தில் இருக்கிறது என்று கோழிக்கே தெரியாது. அப்போது நான் அதை யோசித்தேனா என்று கேட்காதீர்கள். ருசியைத்தான் யோசித்தேன். பெரும்பாலும் ருசியைத்தான்.

முந்திய வாரம் ஒத்திகை. அன்று நான் ஒரு தவறு செய்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். தீர்மானத்தை மீறினேன். முதல் நாள் சாயங்காலம் பன்னிரண்டு வீட்டுக்கும் போன் செய்து, "நாளைக்கு அடுப்பு. லின்டன்கிட்ட சொல்லிடாதீங்க, பாவம்" என்றேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். மறுநாள் கம்பி முழுக்க எங்களுக்குத்தான். நான்கு வாணலியும் கொதித்தன. சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. லின்டன் போட்ட கணக்கின்படி மணி அடித்தது, கோழி எலும்பை விட்டுக் கழன்றுவந்தது.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்" என்றேன். "நீங்க சொன்னது சரிதான்."

நாற்பத்தாறு வருஷத்துக் குடித்தனத்தில் அந்த வாக்கியத்தை அவர் முதல்முறை கேட்டார். பூரித்துப்போய்விட்டார். அவ்வளவு பூரிப்பில் இருப்பவர் விருந்தன்று மூடியைத் திறந்து சோதித்துப் பார்க்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் இதையெல்லாம் திட்டமிட்ட செயல் என்று எழுதுவீர்கள். நான் அவரைச் சந்தோஷப்படுத்தினேன் என்றுதான் எழுதுவேன்.

விருந்துக்கு முதல் நாள் டரில் தானாகவே போன் செய்தான். "நாளைக்கு அடுப்பா, வால்டா? கத்தரிக்கற ஆளுங்க வந்து எறங்கிட்டாங்க. வேணும்னா நான் ஒருநாள் தள்ளிப் போட்டுக்கறேன். கூலி போனாப் போகுது."

நல்ல பையன். தூக்கிய கைகளில் அவன் கை இல்லை.

"வேணாம்ப்பா" என்றேன். "தீர்மானம் போட்டாச்சில்ல. நீ கத்தரி. மத்தவங்ககிட்டயும் சொல்லிடு, பம்ப் போடறவங்க போட்டுக்கலாம், வெயில் வேற கொளுத்துது."

செயலாளர் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவள். இதில் எந்த வரியில் குற்றம் இருக்கிறது என்று உங்கள் வக்கீல்களைக் காட்டச் சொல்லுங்கள்.

விழாவுக்குக் கவுன்சில் தலைவர் வந்தார். சமையலறை வாசலில் ரிப்பன் வெட்டினார். நவீன சூடு, நவீன டல்காரா என்று ஏதோ பேசினார். வாணலியின் மூடியைத் திறக்கும் முன்பே இன்னொரு ஊரில் இன்னொரு ரிப்பனுக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கு ஆயுள் கெட்டி. லின்டன் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு நான்கு வாணலிகளையும் தகடு தெரியும்படி சாய்த்துக் காட்டினார், எண்ணை வாசித்தார், கைதட்டல் வாங்கினார். சுவிட்சைப் போட்டார்.

அதே சமயம் டரிலின் கொட்டகையில் கத்தரிகள் கிளம்பின. மேலே எத்தனை பம்ப் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சுவரில் செருகிப் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்று உண்டு, தபாலில் வரவழைத்தது. அதைப் பாய்லருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டு வோல்ட் காட்டியது. இருக்கட்டும், அந்த எண் பின்னால் தேவைப்படும்.

நான்கு சிவப்பு விளக்குகளும் எரிந்தன. எரிந்துகொண்டே இருந்தன. ஒன்றுகூட அணையவில்லை.

"பாருங்க, பாருங்க. முழு மூச்சா வேலை செய்யுது" என்று லின்டன் விருந்தாளிகளிடம் விளக்குகளைக் காட்டினார்.

எல்லோரும் பார்த்தார்கள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் பார்த்தார். போதகர் பார்த்தார். நாற்பது பேர் அந்த விளக்குகளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அந்த அறையில் ஒருத்திக்கு மட்டும் அவை என்ன சொல்கின்றன என்று தெரிந்திருந்தது. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முப்பத்தோரு ஆண்டுகள் இதே சமையலறையில் நின்றவளிடம், "வெந்துருச்சா, வால்டா?" என்று ஒருவர், ஒரே ஒருவர் கேட்டிருந்தால் போதும். நான் காத்திருந்தேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தேன்.

மணி அடித்தது. கைதட்டினார்கள்.

பரிமாறியது நான்தான். சமைக்கும் உரிமைதான் போயிருந்தது, பரிமாறும் உரிமை போகவில்லை. மேலாக இருக்கும் மார்புத் துண்டுகள் வெந்திருக்கும். தொடை வேகாது, எலும்பை ஒட்டி ரோஜா நிறத்தில் இருக்கும். கரண்டியால் தொட்டாலே எனக்குத் தெரியும். மன்ற நிர்வாகிகளின் மேசைக்கு நானே தட்டு வைத்தேன். கையைத் தூக்காதவர்களுக்கு மார்பு. தூக்கியவர்களுக்குத் தொடை. அவர்கள் அந்தச் சமையலறையை விரும்பிக் கேட்டவர்கள், அதன் முழுப் பலனும் அவர்களுக்குத்தானே போய்ச் சேர வேண்டும். மற்ற மேசைகளில் வருவது வரட்டும் என்று விட்டுவிட்டேன். அங்கே ஒரு இருபது பேர் கழிப்பறையோடு குடித்தனம் நடத்தினார்கள். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கோரல் ஒரு வாய் கடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கொஞ்சம் ரப்பர் மாதிரி இருக்கே, வால்டா?"

"புதுச் சமையலறை, கோரல். பழகணும்."

"ஆமால்ல" என்றாள். லின்டனைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு முழுத் துண்டையும் சாப்பிட்டாள். குழம்பை ரொட்டியால் துடைத்தும் சாப்பிட்டாள். சின்ன வயதிலிருந்தே தட்டில் மிச்சம் வைக்க மாட்டாள்.

நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்கிறீர்கள். பரிமாறுகிறவர்கள் கடைசியில்தான் சாப்பிடுவோம், அது எங்கள் வழக்கம். எனக்குப் பீட்ரூட் சாலட்தான் மிஞ்சியது.

லெஸ் டாவ் முதலில் போனார். எண்பத்தாறு வயது, மன்றத்தின் பழைய தலைவர். பிறகு ஆர்கன் வாசிக்கும் ஐவி. கோரல் ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தாள். நான் தினமும் பூக் கொண்டுபோனேன், அவள் வாசலில் இருந்தே பறித்தது. கடைசி நாளன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "லின்டன ஒண்ணும் சொல்லிடாத, பாவம். கோழி எங்கயோ கெட்டுப்போயிருக்கும்" என்றாள். சாகும்போதும் அவளுக்கு அந்த வாணலிகளின் மேல் சந்தேகம் வரவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஏழாவது கைக்கு என்ன ஆனது என்றுதானே. லின்டனுக்கு நான் தொடை வைக்கவில்லை. இருந்ததிலேயே நன்றாக வெந்த மார்புத் துண்டைத் தேடி எடுத்து வைத்தேன். அவர் நன்றாக இருக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால், தான் சொன்னது தப்பு என்பதை யார் ஒப்புக்கொள்வது? ஆறு பேரைப் படுக்கவைத்ததே அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத்தான். பாடம் படிக்க வேண்டியவனையே அனுப்பிவிட்டால் என்ன பிரயோஜனம்.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா? சுகாதாரத் துறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கோட்டு, கையுறை, பெட்டிகள். நான்கு வாணலிகளையும் அடிலெய்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே நல்ல மின்சாரத்தில், சுத்தமான இருநூற்று நாற்பதில் போட்டுச் சோதித்தார்கள். நான்கும் இரண்டாயிரத்து நானூறு. பிசகில்லை. வாணலி குற்றமற்றது, கோழி வந்த சரக்கில்தான் கோளாறு இருந்திருக்க வேண்டும் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒருவர்கூட இங்கே இந்தச் சுவரில் எதையும் செருகிப் பார்க்கவில்லை. என் மீட்டரைப் பற்றி நானே சொன்னேன். அந்தப் பையன், "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

அந்தக் காகிதத்தை லின்டன் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். உங்கள் தலைக்கு மேலேதான், திரும்பிப் பாருங்கள். ஒரு வருஷமாக அவர் வருகிறவர்களுக்கெல்லாம் அதை வாசித்துக் காட்டுகிறார். "துக்கம்தான், என்ன செய்ய? ஆனா வாணலி மேல பழி இல்ல. நான் அப்பவே சொன்னேன்ல, ரெண்டாயிரத்து நானூறுன்னா ரெண்டாயிரத்து நானூறுதான்." நேற்று காலையில் என்னிடமும் வாசித்தார். முட்டை சாப்பிட்டுக்கொண்டே. அவர் வாசித்து முடித்ததும் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டீர்கள். உறுத்தாமல் என்ன. மூன்று பேர் போயும் அந்த மனிதர் தான் சொன்னதே சரி என்று நினைத்துக்கொண்டிருப்பதை எந்த மனசாட்சி தாங்கும்? கோரலை நினைத்துப் பாருங்கள். அவள் வீணாக அல்லவா போயிருக்கிறாள்.

சத்தம் நின்றுவிட்டது, கேட்டீர்களா? டரில் ஆட்கள் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். பாய்லர் முனக ஆரம்பித்துவிட்டது பாருங்கள். இனி நொடியில் விளக்கு அணையும். உங்களுக்குப் பால் எவ்வளவு?

எழுதிக்கொள்ளுங்கள். போன் செய்யாமல் இருந்தது நான். ஒத்திகைக்குப் போன் செய்ததும் நான். தொடையைத் தேர்ந்தெடுத்து வைத்தது நான், தெரிந்தே, வேண்டுமென்றே. பெயர்களை நீங்களே நிரப்பிக்கொள்ளலாம், உங்களிடம் இருக்குமே. அந்த இன்னொன்றை மட்டும் நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அன்று, இந்த அறையில், நூற்றுத் தொண்ணூற்றெட்டு வோல்ட்டில், அந்த வாணலி ஒவ்வொன்றும் தந்தது ஆயிரத்து அறுநூற்று முப்பத்து மூன்று வாட்.

லின்டன் ஒரு மணிக்குச் சாப்பிட வருவார். கைவிலங்கு போடுவதாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அவரை உட்கார வைத்து இதை வாசித்துக் காட்டுங்கள். முழுவதும் வேண்டாம், அவருக்குப் பொறுமை இருக்காது. அந்த எண் வருகிற வரியை மட்டும், இரண்டு தடவை.